ஊசி அண்ணன் தைத்த பெல்ட்

கிடங்கில் எல்லோரும் அவரை ஊசி அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஆளைப் பார்த்தால் ஊசிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். குட்டையான, தோள் தடித்த மனிதர். கிழிந்த சாக்குகளைத் தைக்கும் மெஷினுக்கு முன்னால் பதினாறு வருஷம் உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. லாரியில் வரும் மூட்டைகள் கொக்கி பட்டுக் கிழியும், எலி கடித்துக் கிழியும். மற்றவர்கள் என்றால் ஒரு வரி தைத்து அனுப்பிவிடுவார்கள். இவர் மூன்று வரி ஓட்டுவார். சாக்கு மக்கிப் போனாலும் என் தையல் பிரியாது என்று சொல்லிக்கொள்வதில் அவருக்கு ஒரு தனி சுகம்.

மெஷினுக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி இருந்தது. அதில் முப்பத்தொரு சணல் கயிற்றுத் துண்டுகள் தொங்கின. பார்க்கிறவர்கள் அதைத் தையலுக்கு வைத்திருக்கும் மிச்சக் கயிறு என்று நினைத்தார்கள். உண்மையில் ஒவ்வொரு துண்டும் ஒரு மனிதனின் இடுப்பளவு. ஒரு முடிச்சு இருந்தால் வலப்பக்கம், இரண்டு முடிச்சு என்றால் இடப்பக்கம், மூன்று முடிச்சு என்றால் பாவம், இரண்டு பக்கமும். எந்தக் கயிறு யாருடையது என்பது ஊசி அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும்.

கை உடைந்தால் கட்டுப் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுகிற மனிதன், பல்வலி வந்தால் பக்கத்து வீட்டையும் தூங்கவிடாத மனிதன், தொடை இடுக்கில் ஒரு புடைப்பு வந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறான். உடம்பில் அந்த ஓர் இடம் மட்டும் என்ன குற்றம் செய்ததோ! பெண்டாட்டியிடம் சொல்ல மாட்டான், டாக்டரிடம் சொல்ல மாட்டான். சாக்குத் தைக்கிறவரிடம் வந்து சொல்வான்.

ஊசி அண்ணனும் ஒரு காலத்தில் மூட்டை தூக்கியவர்தான். முப்பத்தைந்தாவது வயதில் ஒருநாள், அடுக்கின் மேல் சாத்திய பலகையில் ஏறிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. சிமெண்ட் தூசியும் சிகரெட்டும் சேர்ந்து வளர்த்த இருமல். முதுகில் ஐம்பது கிலோ, நெஞ்சில் அந்த இருமல். வலது தொடை இடுக்கில் ஏதோ துணி நைந்து பிரிவது போல இருந்தது. வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போது பார்த்தால் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு புடைப்பு. பயந்துபோய்ப் படுத்தார். படுத்ததும் புடைப்பைக் காணோம்.

காணாமல் போனதுதான் அவரைக் கெடுத்தது. வலித்துக்கொண்டே இருந்திருந்தால் டாக்டரிடம் ஓடியிருப்பார். படுத்தால் போய்விடுகிற ஒன்றை நோய் என்று யார் சொல்வார்கள்? வாயு என்று சொல்லிக்கொண்டார். சூடு என்று சொல்லிக்கொண்டார். வயிற்றுச் சுவரில் ஓர் இடம் நலிந்து, அந்த வழியாகக் குடல் வெளியே வருகிறது என்பதும், அந்த ஓட்டை நாள்பட நாள்படப் பெரிதாகுமே தவிரத் தானாக மூடாது என்பதும் அவருக்குத் தெரியாது. யாரையும் கேட்கவும் இல்லை.

கிடங்கில் அறுந்து கிடந்த கன்வாஸ் பட்டை ஒன்றை எடுத்தார். சாக்குத் துணியைச் சுருட்டி உள்ளே வைத்து, புடைப்பு வருகிற இடத்தில் அழுத்துகிற மாதிரி ஒரு திண்டு தைத்தார். தொடை வழியாக ஒரு வார், இடுப்பைச் சுற்றி ஒரு வார், முன்பக்கம் ஒரு கொக்கி, எல்லாவற்றுக்கும் மூன்று வரித் தையல். கட்டிக்கொண்டால் புடைப்பு தெரியவில்லை. தெரியாதது இல்லாதது என்று அவர் மனசும் சமாதானம் ஆகிவிட்டது. அதே வருஷம் பழைய தையல்காரர் வேலையை விட்டுப் போக, மெஷினில் இவர் உட்கார்ந்துகொண்டார்.

ஒருநாள் அடுக்குக்குப் பின்னால் அவர் பெல்ட்டைச் சரிசெய்துகொண்டிருந்ததை ஒரு சுமைக்காரன் பார்த்துவிட்டான். கிண்டல் பண்ணப்போகிறான், மானம் கப்பலேறப்போகிறது என்று அவர் வெலவெலத்துப் போனார். அவனோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "அண்ணே, எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்கண்ணே" என்றான். அப்படி ஆரம்பித்தது.

ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும், பெல்ட் தயார். ரகசியத்துக்கு அவர் உத்தரவாதம். பக்கத்துக் கிடங்குகளிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள்.

கிடங்கில் ஒரு சட்டம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை டாக்டர் வந்து ஆபீஸ் அறையில் உட்கார்ந்து மூட்டை தூக்குகிறவர்களைச் சோதிப்பார். நிற்கவைத்து, தொடை இடுக்கில் விரலை வைத்து, "இருமு" என்பார். இருமும்போது விரலில் ஏதாவது முட்டினால் ஆள் மாட்டிக்கொண்டான். தூக்கும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தருவார்கள். ஆபரேஷன் செய்துகொண்டு சான்றிதழோடு வந்தால்தான் மறுபடி மூட்டை. அதுவரை கிடங்கைக் கூட்டுகிற வேலை. நல்ல சட்டம்தான். ஆனால் ஒருவனும் அதை வைத்தியமாகப் பார்க்கவில்லை, தங்களைப் பிடிக்க விரித்த வலையாகத்தான் பார்த்தார்கள். அந்த நாளுக்கு அவர்கள் வைத்த பெயர் இருமல் நாள்.

ஆபரேஷன் என்றாலே கிடங்கில் ஆளுக்கொரு கதை இருந்தது. அந்த இடத்தில் கத்தி பட்டால் ஆண்மை போய்விடும். அதற்கப்புறம் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்க முடியாது. அப்படி ஆன ஆள் ஒருவனையும் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் அப்படி ஆன ஆள் ஒருவனை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வலையிலிருந்து தப்பிக்க ஊசி அண்ணன் வழி கண்டுபிடித்தார். அவர் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும், வயிறு எரிந்துகொண்டு மெச்ச வேண்டும். இருமல் நாள் காலையில் நடக்கக் கூடாது, நிற்கக் கூடாது. சாக்கு அடுக்கின் மேல் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருக்க வேண்டும். உள்ளே போனது உள்ளேயே இருக்கும்போது எழுந்துபோய் வரிசையில் முதல் ஆளாக நின்றுவிட வேண்டும். டாக்டர் இருமச் சொன்னால் வயிற்றைச் சேர்க்காமல் தொண்டையால் மட்டும் இரும வேண்டும். சத்தம் பெரிசா வரணும், வயிறு அசையக் கூடாது என்று சொல்லிச் சொல்லிப் பழக்கிவிட்டார். முப்பது பேர் அவர் முன்னால் நின்று தொண்டையால் இருமிக் காட்டியிருக்கிறார்கள்.

முப்பத்தோராவது ஆள் அவருடைய சொந்த மைத்துனன்.

அவர் மனைவிக்கு ஒரே தம்பி. அம்மா போனபின் அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இவர்களுக்குக் குழந்தை இல்லை. இருந்த பாசம் முழுக்க அவன் மேல்தான். இவர்களோடுதான் இருந்தான். வேலை வாங்கிக் கொடுத்ததும் இவர்தான். நல்ல வாட்டசாட்டம், வாய் ஓயாத பேச்சு. மற்றவன் ஒரு மூட்டை தூக்கினால் இவன் ரெண்டாகத் தூக்கிக் காட்டுவான். பார்க்க நாலு பேர் நின்றால் தலைகால் புரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருநாள் அவன் பேச்சே இல்லாமல் மெஷின் பக்கம் வந்து நின்றான்.

"மாமா, அக்காகிட்ட சொல்லிடாதீங்க."

"என்னடா?"

அவன் கண்ணால் கீழே காட்டினான். ஊசி அண்ணன் மெஷினை நிறுத்தினார். மற்ற முப்பது பேர் விஷயத்தில் கேட்காத ஒரு கேள்வியை அன்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். இவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனால் என்ன?

"மாப்ள, ஒரு தடவை டாக்டர்ட்ட காட்டிடலாமா?"

"ஐயோ மாமா! அக்கா இப்பதான் பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கு. இந்த இடத்துல ஆபரேஷன்னா எவன் பொண்ணு குடுப்பான்? கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம். உங்க பெல்ட்டு இருக்கறப்போ எனக்கென்ன பயம்?"

கடைசியில் சொன்ன அந்த வார்த்தைக்கு அவர் விழுந்துவிட்டார். கயிற்றை எடுத்து அளந்தார். ஒரு முடிச்சுப் போட்டு ஆணியில் மாட்டினார். அவன் பெல்ட்டுக்கு மட்டும் நல்ல கன்வாஸாகத் தேடிப் பிடித்தார்.

அதே வருஷத்து இருமல் நாளுக்குப் புது டாக்டர் வந்தாள். இளம் வயதுப் பெண். கிடங்கே குலுங்கிப் போயிற்று. "பொம்பள டாக்டர் முன்னாடி எப்படிடா நிக்கறது?" என்று ஒருவன் கேட்க, "கண்ண மூடிக்கிட்டு இருமு, அவங்க பயந்துபோய் விட்டுடுவாங்க" என்றான் மைத்துனன். எல்லோரும் சிரித்தார்கள். ஊசி அண்ணனும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு அடிக்கடி அவர் ஞாபகத்துக்கு வந்தது.

டாக்டர் எடை மேடை மேல் ஏறி நின்று ஐந்து நிமிஷம் பேசினாள். "கனம் தூக்கறவங்களுக்கு, ரொம்ப நாள் இருமல் இருக்கறவங்களுக்கு, மலச்சிக்கல்ல முக்கறவங்களுக்குக் குடலிறக்கம் வரலாம். சிலருக்குப் பிறவியிலயே அந்த இடம் பலமில்லாம இருக்கும். இதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல. இருந்தா சொல்லிடுங்க. சும்மா இருக்கறப்பவே சரி பண்ணினா சின்ன வேலை. இறுகிப்போனா உயிருக்கே ஆபத்து." ஆண்கள் எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஊசி அண்ணன் மெஷினில் இல்லாத நூலைக் கோத்துக்கொண்டிருந்தார்.

மைத்துனன் முதல் ஆளாக உள்ளே போனான்.

"இருமுங்க."

தொண்டையால் இருமினான்.

"இன்னொரு தடவை. நல்லா."

இன்னும் சத்தமாகத் தொண்டையால் இருமினான். அவள் அவன் முகத்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். வெளியே நாற்பது பேர் நின்றார்கள். "ஏதாவது தொந்தரவு இருக்கா?" என்று கேட்டாள். "ஒண்ணுமே இல்லைங்க மேடம்" என்றான், வாய் கூசாமல்.

வெளியே வந்தவன் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, சட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த பெல்ட்டோடு பின்பக்கம் போகப் பார்த்தான். அதற்குள் சர்க்கரை லாரி வந்துவிட்டது. "பாஸ் ஆனவன்லாம் இங்க வாங்கடா!" என்று மேஸ்திரி கத்தினார். பெல்ட்டைக் கட்ட நேரமில்லை. அது இல்லாமலே மூட்டையில் கை வைத்தான். பத்துப் பதினைந்து மூட்டை ஆனதும் புடைப்பு வெளியே வந்துவிட்டது. லாரி மறைவில் நின்றபடியே, வெளியே வந்திருந்த அதன் மேலேயே பெல்ட்டை வைத்து, கடைசி ஓட்டையில் கொக்கியை மாட்டிக்கொண்டான். படுத்து, உள்ளே போன பிறகுதான் கட்ட வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொன்னதில்லை. ஊசி அண்ணன் தானாகவே எப்போதும் படுத்துத்தான் கட்டுவார். அதை ஒரு விஷயமாக எடுத்து யாரிடமும் சொல்ல அவருக்குத் தோன்றியதில்லை.

பதினொன்றரை மணிக்கு அவன் மெஷினிடம் வந்தபோது முகம் பேயறைந்தது போல இருந்தது.

"மாமா, இன்னிக்கு உள்ள போகமாட்டேங்குது. வலி உயிர் போகுது."

அடுக்குக்குப் பின்னால் படுக்க வைத்தார். பெல்ட்டை அவிழ்த்துத் தொட்டுப் பார்த்தார். எப்போதும் மெத்தென்று இருக்கிற புடைப்பு கல்லாக இருந்தது. கை பட்டதும் அவன் துடித்தான். அவர் அமுக்கினார். அமுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாது. அவன் பக்கவாட்டில் திரும்பி வாந்தி எடுத்தான்.

அங்கிருந்து நாற்பது எட்டு எடுத்து வைத்தால் ஆபீஸ் அறை. உள்ளேயிருந்து இருமல் சத்தம் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அத்தனையும் தொண்டை இருமல். அத்தனையும் அவர் சொல்லிக் கொடுத்தது.

"டாக்டரக் கூப்பிடறேன் மாப்ள."

"வேணாம் மாமா. இப்பதான ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு வந்தேன்? எல்லாரையும் மறுபடி சோதிப்பாங்க. உங்க பேரும் வெளிய வந்துடும். கொஞ்ச நேரம் படுக்கறேன், போயிடும்."

உங்க பேரும் வெளிய வந்துடும். அந்த ஒரு வார்த்தை ஊசி அண்ணனின் காலைக் கட்டிப் போட்டது. இதை மழுப்பிச் சொல்வதில் அர்த்தமில்லை. அவன் வேண்டாம் என்றதற்காக அவர் போகாமல் இருக்கவில்லை. தன் பெயருக்காகத்தான் போகாமல் இருந்தார். பெல்ட்டை மறுபடி வைத்து, இறுக்கமாக இருந்தால் உள்ளே தள்ளும் என்ற நினைப்பில், தன் கையாலேயே கொக்கியை மாட்டிவிட்டார். மேலே ரெண்டு காலிச் சாக்கைப் போர்த்தினார்.

இரண்டு மணிக்கு டாக்டரின் கார் புறப்பட்டது. போகிறபோது அவள் இவரைப் பார்த்துத் தலையசைத்தாள். இவரும் எழுந்து நின்று கும்பிடு போட்டார். சாக்குக்கு அடியில் அவன் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தான்.

ஐந்து மணிக்கு அவன் வாந்தி பச்சையாக வந்தது. வயிறு உப்பிவிட்டது. அப்போதுதான் லாரி டிரைவரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்.

அங்கே நர்ஸ் கத்தரிக்கோலால் பெல்ட்டை வெட்டப் பார்த்தாள். முடியவில்லை. கொக்கி அவன் வீக்கத்தில் புதைந்திருந்தது. தையல் இருக்கிற இடத்தில் வெட்டினால் கத்தரி வழுக்கியது. "யாரு தைச்சாங்க இத? மூணு தையல் போட்டுருக்காங்க, கையே போச்சு!" என்று அலுத்துக்கொண்டே வேறு கத்தரி எடுத்து வரப் போனாள். பதினாறு வருஷமாக அந்தத் தையலைத்தான் அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் செய்த டாக்டர் வெளியே வந்து முகமூடியை இறக்கினார்.

"குடல் ரெண்டு அடிக்குக் கறுத்துப் போச்சு. வெட்டி எடுத்துட்டோம். ஓட்டையில மாட்டி இறுகிப்போனா அதுக்கு ரத்தம் போறது நின்னுடும். கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்த உடனே கொண்டு வந்துருக்கணும். வெளிய வந்துருக்கறப்போ மேலயே இப்படிக் கட்டி வேற வெச்சிருக்கீங்க. எப்ப வலி ஆரம்பிச்சுது?"

"மத்தியானம்..." என்றார் ஊசி அண்ணன்.

"இந்தப் பெல்ட்ட யாரு குடுத்தது?"

பக்கத்தில் மனைவி நின்றிருந்தாள். அப்போதுதான் ஓடி வந்திருந்தாள், செருப்புகூடப் போடவில்லை.

"தெரியலிங்க" என்றார்.

மூன்று நாள் இருந்தான். குடலில் இருந்த விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். இரண்டாம் நாள் கொஞ்சம் நினைவு வந்தது. அக்கா அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: "தம்பி, அந்தப் பெல்ட்ட உனக்கு யாருடா குடுத்தா?"

அவன் கண் அவளைத் தாண்டி, கட்டில் கால்மாட்டில் நின்ற மாமாவிடம் வந்தது. ரொம்ப நேரம் இல்லை, ஒரு மூச்சு விடுகிற நேரம்தான்.

"கடைல வாங்கினேன்க்கா."

அதற்கப்புறம் அவன் பேசியது எதுவும் புரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வீடு காலியானதும், ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறையை அவள் பிரித்தாள். அவன் சட்டை, கைக்கடிகாரம், வெட்டுப்பட்ட பெல்ட். பெல்ட்டை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கடைக்குப் போகும் பையில் அதைப் போட்டுக்கொண்டாள்.

"கிளம்புங்க."

"எங்க?"

"இத வித்தவன் எவன்னு பார்க்கணும். அவன் நல்லா இருக்கானான்னு பார்க்கணும். நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டாத்தான் என் வயிறு ஆறும்."

அவர் கூடப் போனார். போகாமல் எப்படி இருப்பது? முதல் நாள் மூன்று மருந்துக் கடை. அவள் பெல்ட்டை எடுத்து மேஜையில் வைத்து, "இத இங்க வித்தீங்களா?" என்று கேட்பாள். இல்லை என்பார்கள். இவர் இரண்டடி பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் மூன்று கடை. ஒரு கடையில், "இந்த மாதிரி எல்லாம் டாக்டரக் கேக்காமப் போடக் கூடாதும்மா, இது நோயைத் தீர்க்காது, மறைக்கத்தான் செய்யும்" என்று சொல்லி அனுப்பினான். அவள் திரும்பி இவரைப் பார்த்தாள். இவர் கண்ணாடி அலமாரியில் இருந்த மருந்துப் பெயர்களைப் படிப்பது போல நின்றார். வீட்டுக்கு வந்தால் சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். மென்று விழுங்கிவிடுவார். சொன்னால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டால் மட்டும் எப்படி விழிப்பது?

ஏழாவது கடைக்காரர் வயசானவர். மற்றவர்கள் மாதிரி இல்லை என்று தலையாட்டிவிடாமல் பெல்ட்டைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது கடைச் சரக்கே இல்லம்மா. யாரோ தைச்சது. சாக்குத் தைக்கிற மெஷின்ல போட்ட தையல். பாருங்க, மூணு வரி..."

பேசிக்கொண்டே வந்தவரின் கண் மேஜை மேலிருந்த பையில் போய் நின்றது. சிமெண்ட் சாக்கில் தைத்த பை. வாயிலும் அடியிலும் கைப்பிடியிலும் மூன்று வரித் தையல். கடைக்காரர் பையையும் பெல்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நான்தான் தைச்சேன்" என்றார் ஊசி அண்ணன்.

அவள் திரும்பவில்லை. அழவில்லை. பெல்ட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். படி இறங்கி நடந்தாள். தெரு முனை வரைக்கும் அவர் பின்னாலேயே போனார். அங்கே மூடியிருந்த ஒரு கடை வாசலில் அவள் நின்றாள்.

"எனக்குத் தெரியும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"உறையப் பிரிச்சு எடுத்தப்பவே தெரியும். பதினெட்டு வருஷமா உங்க கூட இருக்கேன், உங்க தையல்லதான் பை தூக்கறேன், தலகாணிக்கு உறை போடறேன். எனக்கா தெரியாது? அவன் சாகக் கிடந்தப்பவும் உங்களுக்காகப் பொய் சொன்னான். நீங்க உயிரோட நின்னுக்கிட்டு உண்மையச் சொல்றீங்களான்னு பார்த்தேன். ஏழு கடை ஆச்சு உங்களுக்கு!"

அவர் அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்தார். மிச்சத்தையும் சொன்னார். தொண்டை இருமல், நாற்பது எட்டு, காருக்குப் போட்ட கும்பிடு, தன் கையால் மாட்டிய கொக்கி, ஒன்றையும் விடவில்லை. நாற்பது எட்டு என்று கேட்டதும் அவள் கை வாய்க்குப் போயிற்று. டாக்டர் அவ்வளவு பக்கத்தில் இருந்தாள் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போதுதான் அழுதாள். போகிறவர்கள் எல்லாம் நின்று பார்க்கும்படி, தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் தொடப் போனபோது கையைத் தட்டிவிட்டாள்.

அழுது ஓய்ந்த பின் கேட்டாள். "இன்னும் எத்தனை பேருக்குத் தைச்சுக் குடுத்தீங்க?"

"முப்பது."

"உங்களையும் சேர்த்தா?"

அவர் வேட்டிக்கு மேல் தன் இடுப்பு வாரைத் தொட்டுக் காட்டினார்.

"கதவச் சாத்திக்கிட்டுக் குளிக்கறதும், திரும்பி நின்னு வேட்டி மாத்தறதும்... என்னமோ இருக்குன்னு தெரியும். என்னன்னுதான் தெரியாது." அவள் பையை எடுத்துக்கொண்டாள். "நாளைக்கு அந்த டாக்டரம்மாகிட்டப் போங்க. போய் இருமுங்க. தொண்டையால இல்ல. வயித்துலேர்ந்து இருமுங்க."

மறுநாள் காலையில் அவர் ஆணியிலிருந்த கயிறுகளை எல்லாம் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிடங்கின் நடுவில் நின்றார். மைத்துனன் எப்படிச் செத்தான் என்பதைச் சொன்னார். நாற்பது எட்டையும் சொன்னார். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கயிற்றைக் கையில் கொடுத்தார். பன்னிரண்டு பேர் அவரோடு டாக்டரிடம் வந்தார்கள். நாலு பேர் கயிற்றை அவர் மூஞ்சியிலேயே வீசினார்கள். "ஊரைக் கூட்டி மானத்த வாங்கிட்டியே" என்று முதன்முதலில் பெல்ட் வாங்கியவன் காறித் துப்பினான். மற்றவர்கள் பேசாமல் மூட்டை தூக்கப் போய்விட்டார்கள். பக்கத்துக் கிடங்கில் இப்போது வேறொருவன் பெல்ட் தைக்கிறானாம். ஒரு வரித் தையல்தானாம்.

ஊசி அண்ணனுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஆபரேஷன் நடந்தது. அன்று சாயங்காலமே எழுந்து நடக்க வைத்தார்கள். மனைவி சாப்பாடு கொண்டு வந்து வைத்தாள், வேறெதுவும் பேசவில்லை. புதன்கிழமை காலை, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆறு வாரம் கனம் தூக்காமல் இருந்தால் போதுமாம்.

கிளம்புமுன் நர்ஸ் கட்டைப் பிரித்துத் துடைத்துவிட்டாள். அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நாலு விரல் அகலத்துக்கு ஒரு கோடு. உள்ளே வலை மாதிரி ஒன்றை வைத்து மூடியிருக்கிறோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மேலே ஒரே வரித் தையல். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அடக்க மாட்டாமல் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

"என்னங்க, ரொம்ப வலிக்குதா?" என்றாள் நர்ஸ்.

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

"இவ்வளவுதானாம்மா?" என்றார். "இது இவ்வளவுதானா?"